அந்தப் பூவின் பெயர் அப்படியே இருக்கட்டும்

செடிகொடிகளுக்கும் பறவைகளுக்கும் மனிதர்களின் பெயரை வைத்தது போதும், ஏற்கெனவே வைத்ததையும் எடுத்துவிட வேண்டும் என்றொரு பேச்சு சில ஆண்டுகளாக அறிவியல் உலகில் நடந்துவருகிறது. 2023 நவம்பரில் அமெரிக்கப் பறவையியல் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தன் எல்லைக்குள் வரும் பறவைகளில் மனிதர் பெயரால் அழைக்கப்படுபவை எத்தனை உண்டோ அத்தனைக்கும் புது ஆங்கிலப் பெயர் வைக்கப்போகிறார்களாம். அவர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையே கிடையாது, ஒட்டுமொத்த நீக்கம். அதே ஆண்டில் சில விஞ்ஞானிகள் ஒரு படி மேலே போய், லத்தீன் பெயர்களிலும் இந்த வழக்கத்துக்கு இனி இடமில்லை என்று எழுதினார்கள்.

நான் தாவரவியல் படித்தவன் இல்லை. அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். ஆனால் பெயர் என்ற விஷயத்தோடு மாரடித்தவன். முன்னெழுத்து மாறியது, தகப்பனார் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனது, பள்ளிச் சான்றிதழில் ஒன்று குடும்ப அட்டையில் இன்னொன்று என்று வருகிறவர்களைப் பார்த்தே என் மேசை தேய்ந்தது. அந்தப் பாத்தியதையில் இதைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்ல ஒரே ஒரு பூவை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் பூக்கும் ரஃபினெஸ்கியா.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சாமந்தி, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் சேர்ந்த பெரிய குடும்பம் இருக்கிறதல்லவா, அதில் ஒரு மிகச் சிறிய கிளை. இந்தப் பேரினத்தில் இருப்பதே இரண்டு இனங்கள்தான். ஒன்று கலிஃபோர்னியாவுக்குப் பேர்போனது, ஆள் மார்பளவுக்குக்கூட உயரும், பூ சிறியது. காடு எரிந்த இடத்தில் மறு வருஷம் நிறைய முளைக்கும். மற்றது அசல் பாலைவனச் செடி. மொஹாவே, சொனோரா என்ற இரண்டு பெரிய பாலைவனங்களிலும் உண்டு. முழங்கால் உயரம்கூட வராது, ஆனால் பூ பெரியது, நல்ல வெள்ளை. இதழைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஊதா நிறத்தில் கோடுகள் ஓடும்.

அந்த ஊர்க்காரர்கள் இதைப் பாலைவனச் சிக்கரி என்கிறார்கள். நம் காப்பித் தூள் பொட்டலத்தில் இத்தனை சதவீதம் என்று அச்சடிக்கிறார்களே, அந்தச் சிக்கரியின் தூரத்து உறவு. எங்கள் வீட்டில் அப்பா அதை ‘சிக்கொரே’ என்றுதான் சொல்லுவார், பிரெஞ்சு உச்சரிப்பில். ஆனால் இந்தப் பாலைவனச் செடியின் வேரை வறுத்துக் காப்பியில் போடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். சில மாதங்களே வாழும் செடி, வேரில் சதையே கிடையாது.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு பூவை என் வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள். லரூஸ் அகராதியில் ஒரு பெண் வாயருகே பிடித்து ஊதிக்கொண்டிருப்பாளே, விதைகள் பறக்குமே, அதுதான். பிரெஞ்சில் ‘பிஸ்ஸான்லி’. படுக்கையை நனைப்பது என்று அர்த்தம் வரும், வகுப்பில் சிரிப்பை அடக்க முடியாது. ரஃபினெஸ்கியாவின் விதைக்கும் அப்படித்தான் தலையில் இறகு. நம்மூர் வெட்டுக்காயப் பூண்டின் விதையை ஊதிப் பார்த்தவர்களுக்குக் கூடுதல் விளக்கம் தேவையில்லை.

என் மகன் குடும்பம் அரிசோனாவில் இருக்கிறது. ஒரு மார்ச் மாதம் நான் போயிருந்தபோது டூசான் நகரத்துக்குப் பக்கத்தில் சாகுவாரோ தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் மழை நன்றாகப் பெய்திருந்தது. ஆள் உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு நிற்கும் கள்ளிகளைத்தான் எல்லோரும் படமெடுத்தார்கள். நான் ஒரு முள்ளுப் புதருக்கு முன்னால் நின்றுவிட்டேன். புதரில் வெள்ளைப் பூ. அந்தப் புதரின் பூதான் என்று நினைக்கத் தோன்றும். குனிந்து பார்த்தால் தண்டு வேறு. ரஃபினெஸ்கியாவுக்குத் தன் காலில் நிற்கத் தெம்பு போதாது. புதருக்கு அடியில் முளைத்து, அதன் கிளைகளுக்குள் நுழைந்து, அதில் சாய்ந்துகொண்டே மேலே வந்து தலையை நீட்டுகிறது. நிழலுக்கு நிழல், ஆடு மாடு வாய் வைக்காமல் பாதுகாப்புக்குப் பாதுகாப்பு.

நான் கையை நீட்டியதும் பேரன் பதறிவிட்டான். “தாத்தா, தொடாதீங்க. இங்க பூ கிள்ளினா ஃபைன் போடுவாங்க.”

“கிள்ளலடா, திருப்பித்தான் பாக்கறேன்” என்றேன். அவன் நம்பவில்லை. இதழின் பின்பக்கத்துக் கோட்டைப் பார்த்தது அப்போதுதான். கிள்ளினால் தண்டிலிருந்து பால் வடியும் என்பது படித்துத் தெரிந்துகொண்டது.

இன்னொரு விஷயம். நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் பல பூக்களின் கூட்டம். நாம் இதழ் என்று நினைப்பது ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறுமலர். அதன் நுனியில் ஐந்து சின்னப் பல் இருக்கும், ஐந்து இதழ்கள் ஒட்டிப் பிறந்ததன் அடையாளம். மல்லிகையை ஊசியில் கோக்கும் நம் பெண்களுக்கு இதைச் சொன்னால் “அட, தொடுத்த பூவா?” என்பார்கள். சரியான வார்த்தை அதுதான்.

இதே இடங்களில் இதைப் போலவே அச்சு அசலாக இன்னொரு வெள்ளைப் பூ உண்டு. அதுவும் இரண்டே இனங்கள் கொண்ட பேரினம். காலிகோசெரிஸ் என்று பெயர். அதன் தண்டில் குண்டூசித் தலைகள் போலச் சின்னச் சின்னச் சுரப்பிகள் துருத்திக்கொண்டு நிற்கும். ரஃபினெஸ்கியாவின் தண்டு வழுவழுப்பு. வித்தியாசம் காண அது போதும்.

நிற்க. இந்தப் பெயருக்கு உரியவர் யார்?

கான்ஸ்டன்டின் சாமுவேல் ரஃபினெஸ்க். 1783இல் கான்ஸ்டான்டினோபிளில், கலாட்டா பகுதியில் பிறந்தவர். தகப்பனார் மார்செய் நகரத்து பிரெஞ்சு வணிகர், தாயார் ஜெர்மானிய வம்சம். கல்லூரிப் படியேறியதில்லை. 19 வயதில் பிலடெல்பியாவுக்கு வந்து ஒரு வணிகக் கூடத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். (இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் ஒட்டுதல் வந்தது.) பிறகு பத்தாண்டுகள் சிசிலித் தீவில். நெப்போலியன் காலம் அது. பிரெஞ்சுக்காரன் என்று தெரிந்தால் ஆபத்து என்பதால் தாயாரின் குடும்பப் பெயரான ஷ்மால்ஸையும் ஒட்டவைத்துக்கொண்டார். பெயர் விஷயத்தில் மனுஷன் ஆரம்பத்திலிருந்தே கெட்டிக்காரர்.

1815இல் மறுபடி அமெரிக்கா வரும்போது, கரையை நெருங்கும் நேரத்தில் கனெக்டிகட் பக்கம் கப்பல் மூழ்கியது. இருபது ஆண்டுச் சேகரிப்பு, புத்தகங்கள், கையெழுத்துப் பிரதிகள், வரைந்த படங்கள் அத்தனையும் கடலுக்குள். வேறொருவராக இருந்தால் அத்தோடு படுத்திருப்பார். இவர் அடுத்த வசந்தத்திலிருந்து மறுபடி செடி பொறுக்கக் கிளம்பிவிட்டார். 1819இலிருந்து 1826 வரை கென்டக்கியில் டிரான்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கும் நிலைக்கவில்லை. 1840இல் பிலடெல்பியாவில் வயிற்றுப் புற்றுநோயால் வறுமையில் இறந்தார்.

இடையில் அவர் செய்த வேலை என்னவென்றால், பார்த்ததற்கெல்லாம் பெயர் வைத்தது. செடிகளுக்கு மட்டும் சுமார் 6,700 பெயர்கள். மீன், நத்தை, வௌவால், மான் எதையும் விட்டுவைக்கவில்லை. சற்றே இலை வித்தியாசப்பட்டால் புது இனம். சற்றே கூடுதலாக வித்தியாசப்பட்டால் புதுப் பேரினம். செடியை நேரில் காணாமல் மற்றவர்கள் புத்தகத்தில் எழுதியதை வைத்தும் பெயர் சூட்டியிருக்கிறார். அறிஞர்கள் இவர் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

1818இல் ஓவியர் ஆடுபான் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியபோது நடந்த கூத்து பிரசித்தம். ஆடுபானும் பிரான்சில் வளர்ந்தவர்தான். கென்டக்கிக் காட்டோரத்தில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்! ராத்திரி அறைக்குள் வௌவால்கள் புகுந்தன. இது புது இனமாக இருக்கும் என்று விருந்தாளி உடம்பில் துணியில்லாமல் எழுந்து, ஆடுபானின் வயலினையே எடுத்து வீசியடித்து அதை நொறுக்கிவிட்டார். இதை எழுதிவைத்தவர் ஆடுபான், அதுவும் விருந்தாளியின் பெயரை மறைத்து. ஆடுபான் பழி தீர்த்த விதம் வேறு மாதிரி. ஓஹையோ ஆற்றில் இல்லாத மீன்களை இருப்பதாக வர்ணித்துப் படமும் போட்டுக் காட்டினார். அதில் ஒரு மீனின் செதில் துப்பாக்கிக் குண்டு துளைக்காததாம். நம்பிய மனிதர் 1820இல் வெளியிட்ட மீன் புத்தகத்தில் அவற்றையும் பெயர் வைத்துச் சேர்த்துவிட்டார். எனக்கு இந்தக் கதையில் சிரிப்பு வருவதில்லை. விருந்துக்கு வந்தவன் அசடு என்று தெரிந்தால் அவன் ஆயுள் முழுக்கத் தலைநிமிர முடியாதபடி செய்துவிடுவதா?

இப்போது பூவுக்கு வருவோம். அதற்கு ரஃபினெஸ்கியா என்று பெயர் வைத்தவர் தாமஸ் நட்டால். இங்கிலாந்தில் அச்சுத் தொழில் பழகிவிட்டு அமெரிக்கா வந்து, செடி தேடி நாடு முழுக்க நடந்தவர். ஹார்வர்டில் கிடைத்திருந்த வேலையை விட்டுவிட்டு மேற்கே போனார். 1836இல் கலிஃபோர்னியக் கடற்கரையில் வெறுங்காலோடு சிப்பி பொறுக்கித் திரிந்த அவரைக் கப்பல் மாலுமிகள் விநோதக் கிழவர் என்று கேலி செய்தார்கள். ஐம்பது வயதுதான் அப்போது அவருக்கு. அந்தப் பயணங்களில் கிடைத்தவற்றை விவரித்து 1841இல் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்தப் பேரினம் வருகிறது. ரஃபினெஸ்க் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்குமோ என்னவோ. புகழ வாரிசு இல்லை, பதில் மரியாதை செய்ய ஆள் இல்லை, பாராட்டினால் நமக்கும் அவப்பெயர் என்ற நிலை. அப்போது ஒருவர், யாரும் சீந்தாத ஒரு மனிதனின் பெயரை ஒரு பூவுக்கு வைக்கிறார்.

அதே 1841இல் இன்னொன்றும் அச்சானது. அமெரிக்கத் தாவரவியலின் தலைமை இடத்துக்கு வந்துகொண்டிருந்த ஏஸா கிரே, முப்பது வயதுக்காரர், ரஃபினெஸ்க்கின் தாவரவியல் எழுத்துகளைப் பற்றி ஒரு மதிப்பீடு வெளியிட்டார். தொடக்க கால உழைப்புக்குக் கொஞ்சம் மரியாதை. பிறகு வந்ததெல்லாம் சீர்கேடு, புதுப்புது இனங்களை உண்டாக்கும் ஆசை பித்தாகவே முற்றிவிட்டது என்பது சாரம். செத்தவரின் வேலையை ஒதுக்கி வைக்க அதுவே உத்தரவு மாதிரி ஆகிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1853இல், சார்லஸ் ரைட் என்ற சேகரிப்பாளர் தென்மேற்கிலிருந்து கொண்டுவந்த செடிகளைக் கிரே பரிசோதித்தார். அதில் ஒரு வெள்ளைப் பூ. நட்டால் விவரித்த பேரினத்தின் இரண்டாவது இனம் அது. என்ன செய்வார்? ரஃபினெஸ்கியா நியோமெக்சிகானா என்று தன் கையாலேயே எழுதினார். நான் பூங்காவில் பார்த்தது அதுதான். குண்டூசித் தண்டுப் பூவுக்குப் பெயர் வைத்ததும் அதே நூலில்தான்.

இதை நான் பெரிதாக நினைக்கிறேன். எனக்குக் கீழ் மேசையில் ஒருவர், அவரைக் கண்டாலே எங்கள் கண்காணிப்பாளருக்கு ஆகாது. பத்து வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த ஆள் ஓய்வு பெற்றபோது ஓய்வூதியக் காகிதங்களைத் தயாரித்தது அதே கண்காணிப்பாளர். ஒரு தேதி தவறவில்லை, விடுபட்டிருந்த ஒரு ஊதிய உயர்வைக்கூடத் தேடிப்பிடித்துச் சேர்த்தார். ஆளைப் பிடிக்கவில்லை என்பது வேறு, பதிவேடு வேறு. கிரே அப்படிப்பட்டவர். விதியின்படி பெயர் நிற்கிறது, நிற்கட்டும் என்று எழுதினார்.

விதி என்று சொன்னேன், அதில் ஒரு வேடிக்கை. தாவரப் பெயர்களில் முதலில் அச்சானதுக்கே முன்னுரிமை. ஒரே பெயர் இரண்டு பேரினங்களுக்கு இருக்க முடியாது, பிந்தியது செல்லாது. ரஃபினெஸ்க்கோ, 1830களில் தன் புத்தகங்களிலேயே ரஃபினெஸ்கியா என்ற பெயரை வேறு செடிகளுக்கு அச்சிட்டிருந்தார். தன் பெயரைத் தானே! அந்தப்படி பார்த்தால் நட்டால் வைத்தது பிந்தியது, தள்ளுபடி ஆகவேண்டும். பிற்காலத் தாவரவியலாளர்கள் கூடி, நட்டாலின் பெயரை விதிவிலக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். நம் அலுவலக பாஷையில் சொன்னால் விதித் தளர்வு அரசாணை. தானாகச் சூட்டிக்கொண்ட பெயர் போயிற்று, இன்னொருவர் கொடுத்தது நின்றது.

ஒதுக்கப்பட்டவரின் கோப்பும் மூடப்படவில்லை. 1949இல் மெரில் என்ற தாவரவியலாளர், கிரே பணியாற்றிய அதே ஹார்வர்டிலிருந்து, ரஃபினெஸ்க் வைத்த அத்தனை செடிப் பெயர்களுக்கும் ஒரு பெரிய அட்டவணைப் புத்தகம் வெளியிட்டார். பெயர் வைத்தவர்மேல் மெரிலுக்கும் பெரிய அபிமானம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அத்தனையையும் பட்டியலிட்டார். அதன் பலன் பின்னால் தெரிந்தது. 2017இல் மெர்ரேமியா என்ற கொடி வகையைப் பிரித்து அடுக்கியபோது, ரஃபினெஸ்க் 1838இல் வைத்திருந்த டிஸ்டிமேக், கமோனியா என்ற இரண்டு பெயர்களும் தூசி தட்டி எடுக்கப்பட்டன. காய்ந்தபின் மரத்தில் செதுக்கிய ரோஜா போல இருக்குமே, வுட் ரோஸ் என்று பூச்சாடியில் வைப்பார்களே, அந்தக் கொடி இப்போது டிஸ்டிமேக். நம் நாட்டுக் காடுகளில் மஞ்சள் பூப் பூக்கும் ஒரு கொடி இப்போது கமோனியா. ஆயிரக்கணக்கில் வைத்ததில் சில சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

பெயர்களை நீக்கச் சொல்கிறவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. செடிகளுக்குச் சூட்டிய பெயர்களில் பெரும்பாலானவை ஐரோப்பிய ஆண்களுடையவை. அந்தப் பாலைவனங்களில் கஹுயியா, மொஹாவே, ஓஓதம் என்று பல இனத்தார் காலங்காலமாக வாழ்ந்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஏறியது நேற்று வந்தவன் பெயர். இது அநியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஜூலையில் மாட்ரிட் நகரில் கூடிய தாவரவியல் மாநாட்டில், ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் ஒரு வசைச்சொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்ற அடைமொழியை ‘ஆஃப்ரா’ என்று திருத்த வாக்களித்தார்கள். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் அதனால் மாறின. மிகச் சரி. ஒரு ஜனத்தையே திட்டும் சொல் பதிவேட்டில் இருக்கக்கூடாது, ஒரே எழுத்தை அடித்தால் தீரும் என்றால் அடிக்க வேண்டியதுதான்.

எங்கள் புதுச்சேரியில் துப்ளெக்ஸ் வீதி நேரு வீதி ஆனது. அதிலும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. எங்கள் வீதி, நாங்கள் மாற்றினோம். (துப்ளெக்ஸ் சிலை கடற்கரையோரம் இருக்கிறது, அதையும் யாரும் தொந்தரவு செய்யவில்லை.) நாளைக்கு ஓஓதம் மக்கள் வந்து இந்தப் பூவை எங்கள் மொழிச் சொல்லால் அழையுங்கள் என்று கேட்டால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

நான் எதிர்ப்பது ஒட்டுமொத்தமாக அடிப்பதை. அமெரிக்கப் பறவை விஷயத்தில் எடுத்த முடிவு அப்படிப்பட்டது. யோக்கியன் அயோக்கியன் என்று ஆராய்ந்தால் சண்டை வரும், அதனால் எல்லாரையும் நீக்கு. அலுவலகத்தில் இந்த யோசனையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கோப்பைப் படித்து முடிவெடுக்கச் சோம்பல் வந்தால், கட்டோடு கழிப்பதற்கு அனுமதி கேட்டுக் குறிப்பு வைப்பார்கள். அப்படிக் கழித்த கட்டுகளில் எத்தனை பேருடைய பிறப்பு, சொத்து, வாரிசு இருந்தது என்பது பிறகு யாராவது அழுதுகொண்டு வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

எங்கள் ஊரில் 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் பழைய சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள், ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. பல பேர் பிரெஞ்சுப் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பேரன் கொள்ளுப்பேரன்களைப் பார்த்து இது காலனிக்காலத்துப் பெயர், விட்டுவிடுங்கள் என்று வெளியிலிருந்து ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? சாதிக் கட்டிலிருந்து விலகத்தான் என் தாத்தா இதை எழுதினார் என்று சில வீடுகளில் சொல்வார்கள். ஒரு பெயருக்குள் யார் கொடுத்தார், எப்போது, எதற்கு என்பதும் சேர்ந்து இருக்கிறது. ரஃபினெஸ்கியாவை அடித்தால் ரஃபினெஸ்க்குக்கு நஷ்டமில்லை, அவர் 1840லேயே போய்விட்டார். நட்டால் செய்த காரியம் அழிந்துபோகும்.

இதே பாலைவனத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணமும் தருகிறேன். மொஹாவேயில் ஓர் ஆமை இருக்கிறது. வருஷத்தின் பெரும்பகுதியை வளைக்குள் கழித்துவிட்டு, வசந்தத்தில் வெளியே வந்து பூச்செடிகளை மேயும். ரஃபினெஸ்கியா அது விரும்பித் தின்னும் செடிகளில் ஒன்று. அந்த ஆமையின் அறிவியல் பெயர் கோஃபெரஸ் அகாசிஸி. கோஃபெரஸ் என்ற முதல் பாதியை 1832இல் வைத்தவர் யார் தெரியுமா? நம் ரஃபினெஸ்க்தான். தான் வைத்த பெயர் தன் பெயரை மென்று தின்னும் என்று அவர் கண்டாரா! இரண்டாவது பாதி லூயி அகாசிஸ் என்ற ஹார்வர்டுப் பேராசிரியரைக் குறிப்பது. மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை, கறுப்பர் தாழ்ந்தவர் என்று வாதாடியவர் அவர். வாழ்நாளில் மாலை மரியாதைக்கெல்லாம் குறைவில்லாதவர். அந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று யாராவது தனியாக மனு போட்டால் நான் எதிர்க்கமாட்டேன். ஆமைக்கு ஒரு கோப்பு, பூவுக்கு ஒரு கோப்பு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள் என்கிறேன்.

அந்த ஆமை 1990இலிருந்து அமெரிக்க அரசின் அழிவுக்குள்ளாகும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. ரஃபினெஸ்கியாவுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. நல்ல மழை பெய்த குளிர்காலத்துக்குப் பிறகு பாலைவனமே பூவாக மாறும் வருஷங்களில் அதுவும் தலைகாட்டும். மழை இல்லாவிட்டால் விதை மண்ணிலேயே காத்திருக்கும். ஆனால் அதன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சிவப்புப் புரோம் புல். குளிர்கால மழையை முதலில் இதுதான் உறிஞ்சும், பிறகு காய்ந்து புதருக்கும் புதருக்கும் நடுவே வைக்கோல் விரித்ததுபோலக் கிடக்கும். முன்பெல்லாம் பாலைவனத்தில் மின்னல் விழுந்தால் ஒரு புதர் எரியும், பக்கத்துப் புதருக்குத் தாவ நடுவில் ஒன்றும் இருக்காது. இப்போது இருக்கிறது. 2020 ஆகஸ்டில் மொஹாவே காப்பகத்தில் எரிந்த தீயில் ஜோஷுவா மரங்கள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் போயின. கலிஃபோர்னியாவின் புதர்க்காட்டு ரஃபினெஸ்கியா தீக்குப் பிறகு செழிக்கும் என்றேன். அது அந்த நிலத்தின் பழக்கம். பாலைவனப் புதர்களுக்குத் தீ பழக்கமில்லை. ஒருமுறை எரிந்தால் பழையபடி வரப் பல பத்தாண்டுகள் ஆகும். சாய்ந்து நிற்கப் புதர் இல்லாவிட்டால் இந்தப் பூ எங்கே நிற்கும்? ஆமை அந்தப் புல்லைத் தின்று பார்க்கிறது, அதில் அதற்குப் போதிய சத்து இல்லை.

பெயர் மாற்றக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் கற்றறிந்தவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டென்றால் அது இந்தப் புல்லைப் பற்றியதுதான்.